பக்கத்து அறைக்குப் போகும் காற்று

சுவருக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

அவள் கேட்காத மாதிரி இருக்கப் பார்த்தாள். பழைய வீடு, சாயங்காலம் சூடு தணியும்போது ஜன்னல் சட்டம் முனகும், குழாய் பொருமும், அலமாரிக் கதவு தானாக ஒரு விரற்கடை நகரும், இதற்கெல்லாம் பயந்தால் இங்கே குடியிருக்க முடியாது. ஆனால் இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். அம்மா போன பிறகு இந்த வீட்டில் அவள் கேட்டிராத சத்தம்.

அம்மாவும் அப்பாவும் ஒரே சமயத்தில் நுரையீரல் கெட்டுப் படுத்தபோது மூச்சுக் கருவி ஒன்றுதான் கிடைத்தது. தம்பி கெட்டிக்காரன். கருவியை அம்மாவின் அறையில் சுவரோரம் வைத்து, அப்பாவின் அறைக்கு ஒரு குழாய் இழுத்து, சுவருக்குள் ஒரு வால்வைப் பதித்துப் பூசிவிட்டான். காற்று ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும். வால்வு திரும்பும்போது ‘டக்’. யாருக்கு எப்போது என்று பார்த்துக்கொள்ள அப்பாவின் அறை மேஜையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் அம்மாவுக்கு ஒரு சர்வீஸ், அதாவது ஒரு குட்டி புரோகிராம், அப்பாவுக்கு ஒரு சர்வீஸ், விளக்குக்கு, மணிக்கு என்று பல வேலையாட்கள்; அத்தனை பேரையும் எழுப்பி, உட்கார்த்தி, செத்தால் மறுபடி எழுப்புகிற ஒரு மேலாளர் புரோகிராம். தம்பி அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தான்.

அம்மாவுக்கு அந்த ஏற்பாடு கடைசிவரை பிடிக்கவில்லை. தன் முறை வரும்போதெல்லாம் மூச்சு இரைக்க, “அவருக்கு முதல்ல குடு” என்பாள். உயிரோடு இருந்தவரை எல்லாவற்றையும் அவருக்கே விட்டுக் கொடுத்தவள்.

நாளையிலிருந்து கங்காணியின் பழைய வெர்ஷனோடு, அப்பாவைக் கவனிக்கும் நர்ஸின் போன் பேசாது என்று தகவல் வந்திருந்தது. அப்பாவுக்கு மூச்சுத் திணறினால் நர்ஸுக்குத் தெரியாமலே போய்விடும். கருவியை நிறுத்திவிட்டு மாற்றவும் வழியில்லை. முகமூடி இல்லாமல் அவரால் சில நிமிஷம்கூடத் தாங்க முடியாது. எனவே ஓட ஓடவே மாற்ற வேண்டும், ஓடுகிற பஸ்ஸில் டிரைவரை மாற்றுவதைப் போல. பழைய கங்காணி தன் பொறுப்பில் இருப்பதையெல்லாம் எழுதி வைத்துவிட்டு விலகும். புதியது அதைப் படித்து, யாரையும் எழுப்பாமல் நிறுத்தாமல், அப்படியே நாற்காலியில் உட்காரும். ஆபீஸில் இதைத்தான் செய்து சம்பளம் வாங்குகிறாள். பழையதற்கும் புதியதற்கும் நடுவில் உள்ள இரண்டு வெர்ஷன்களில் நின்று நின்று வர வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டு டப்பாவுக்கு இவ்வளவு சடங்கா என்று ஒரே தாவலாகத் தாவிவிட்டாள்.

திரையில் எல்லாம் பச்சையாக ஓடியது. நடுவில் ஒரே ஒரு மஞ்சள்: ‘புரியாத வரி ஒன்று தாண்டப்பட்டது.’ ஒன்றுதானே என்று காபி போட எழுந்தாள். அப்போதுதான் அந்த ‘டக்.’

“அம்மாடி,” அப்பாவின் குரல் முகமூடிக்குள்ளிருந்து நைந்து வந்தது. “காத்து வரல.”

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அப்பாவின் சர்வீஸ்: நின்றுவிட்டது. அம்மாவின் சர்வீஸ்: ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவுடையதைக் கிளப்பினாள். டக். முகமூடி புஸ்ஸென்று நிறைந்தது. அவர் ஒரு வாய், இரண்டு வாய் இழுத்தார். டக். முகமூடி தொய்ந்தது.

கருவியின் முகமூடியைக் கழற்றிவிட்டு, படுக்கைத் தலைமாட்டில் அவசரத்துக்கென்று நர்ஸ் மாட்டிவைத்திருந்த மூச்சூட்டும் ரப்பர் பையை எடுத்து, அதன் முகமூடியை அவர் முகத்தில் வைத்துக் கையால் அமுக்கினாள். மறு கையால் நர்ஸைக் கூப்பிட்டாள். “பையை மட்டும் நிறுத்திடாதீங்க. ஆம்புலன்ஸ் வண்டி வர அரை மணி ஆகும்,” என்றாள் நர்ஸ். அடுத்து, தூர தேசத்தில் இருந்த தம்பி.

“டேய், அம்மாவோட சர்வீஸ் எழுந்திருச்சு. அப்பாவுக்குக் காத்து போகமாட்டேங்குது.”

தம்பியின் குரல் தணிந்தது.

“அதுக்குத் தடை போட்டு வெச்சிருந்தேனேக்கா. யார் எழுப்பினாலும் எழுந்திருக்கக் கூடாதுன்னு.”

மஞ்சளில் தாண்டிப்போன வரி அதுதான். புதிய கங்காணிக்குப் பழைய தடையின் எழுத்து தெரியவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

“தடை எதுக்குடா? அழிச்சிருக்கலாமே?”

“அழிச்சேன். திரும்பத் திரும்ப வந்துச்சு. அம்மா கட்டில்ல ஆள் எடை இருந்தாத்தான் அது கிளம்பும், அப்படித்தான் எழுதினேன். ஊர்ல இருந்தப்பவே, மெத்தைக்கு அடியில எடை பார்க்கிற சென்சார் கெட்டுப்போச்சுன்னு புதுசு போட்டேன். அப்பவும் கிளம்பிச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“என்னன்னு சொல்றது?” பிறகு மெதுவாக, “அக்கா, அந்தக் கட்டில்ல துணிமூட்டை ஏதாவது வெச்சிருக்கியா?”

வெறும் கட்டில். காலையில்தான் அந்த அறையைக் கூட்டினாள். திரையில் தேடினாள். கட்டிலின் எடை: முப்பத்தெட்டு கிலோ. கடைசி நாட்களில் அம்மா அவ்வளவுதான் இருந்தாள். தூக்கித் தூக்கிப் படுக்க வைத்த கைகளுக்கு அது தெரியும்.

தடையைப் புதிதாகப் போட்டாள். ஓடுகிற சர்வீஸுக்குத் தடை கிடையாது, முதலில் நிறுத்து என்றது கங்காணி. நிறுத்தினாள். செத்தவர்களை எழுப்புவதுதானே கங்காணியின் வேலை. அவள் விரல் அடுத்த எழுத்துக்குப் போவதற்குள் எழுப்பிவிட்டது. பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாம் என்றால், புதியது எழுதியதைப் பழையதற்குப் படிக்கத் தெரியாது. தாவி வந்த பாதையில் திரும்பி நடக்க ஒரு படிகூட இல்லை.

“அப்பா பக்கம் வால்வு திரும்பற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பிளக்கைப் புடுங்குக்கா. வால்வு அங்கேயே நின்னுடும். கருவிக்குத் தனி பேட்டரி இருக்கு, ஓடும்.”

பிளக் மேஜைக்குப் பின்னால். பையைக் கீழே வைத்தாள். ஒரு கை லேப்டாப் பட்டனில், ஒரு கை கம்ப்யூட்டர் வயரில். அமுக்கினாள். டக். இழுத்தாள்.

டக்.

லேப்டாப் திரையில் எல்லாம் உறைந்தது. வீட்டு நெட்டும் அந்தக் கம்ப்யூட்டர் வழியாகத்தான், அதுவும் போயிற்று. தம்பியின் குரல் பாதியில் அறுந்தது. வால்வு நின்ற இடம் எது என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் வாய் கரையில் போட்ட மீனாய்த் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

பையை எடுத்து அமுக்கினாள். விடு. அமுக்கு. விடு. மருந்து நெடி, வியர்வை, பழைய ரப்பரின் வாடை. ஜன்னலில் மிச்சம் இருந்த வெளிச்சம் அவிந்துகொண்டே வந்தது. விளக்குகளும் அந்தக் கம்ப்யூட்டரோடுதான், ஒன்றும் எரியவில்லை. வண்டி வந்துவிடும், கை வலித்தாலும் பரவாயில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் பக்கத்து அறையின் சத்தம் காதில் விழுந்தது. கருவி காற்றை ஊதிக்கொண்டிருந்தது. முகமூடி யார் முகத்திலும் இல்லை. காற்று ஒரே சீராக இரைந்து வீணாகப் போக வேண்டும். இது போகவில்லை. இரைந்தது. நின்றது. ஒரு சின்ன ஈரமான சத்தம். மறுபடி இரைந்தது.

யாரோ இழுக்கிறார்கள். விடுகிறார்கள்.

கருவி அந்த அறையில் இருக்கிறது. போய்க் குழாயைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வந்தால் போதும். அப்பா பிழைத்துக்கொள்வார். பத்தடி தூரம். பையை நன்றாக ஒருமுறை அமுக்கிவிட்டு ஓடினாள். கதவுப் பிடியில் கை வைத்தாள். பிடி சில்லென்று இருந்தது. கதவுக்குப் பின்னால் இரைச்சல் நின்றது.

நின்றேவிட்டது.

உள்ளே இருப்பது காது கொடுத்துக் கேட்கிறது.

அம்மாவேதான் என்றாலும் திறந்துவிடலாம். பெற்றவளுக்கு என்ன பயம்? அப்பா அங்கே தவிக்கிறார். திற. திறடி. கை திரும்பவில்லை. அவளால் முடியவில்லை. அழுதுகொண்டே திரும்பி ஓடினாள்.

அப்பாவின் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. பையின் முகமூடியை வைத்தாள். அவர் கையைத் தூக்கி அதை விலக்கினார். அந்தக் கைக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியவில்லை. கண்கள் அவளைத் தாண்டி வாசற்படியில் நிலைத்திருந்தன.

“அவளுக்குப் பத்தலையாம்,” என்றார். “அவளுக்குக் குடு.”

“அப்பா, வேணாம்பா. இழுத்து விடுங்கப்பா.”

மறுபடி வைத்தாள். அமுக்கினாள். விடு. அமுக்கு. மார்பு எழவில்லை. வெகுநேரம் எழவில்லை. தோள் மரத்துப்போய்க் கை தானாகக் கழன்றது. முகமூடி அவர் கன்னத்திலிருந்து வழுக்கித் தலையணையில் விழுந்தது. வண்டியின் சத்தம் இன்னும் தெருவில் கேட்கவில்லை.

பக்கத்து அறையில் அமைதி. நடையில் அந்த அறையின் கதவு திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

அப்பா அசையவில்லை. அவளும் அசையவில்லை.

தலையணையில் கிடந்த முகமூடி, ஒரு முகத்தின் மேல் உட்கார்வதைப் போல, மெல்ல நிமிர்ந்தது.

யாரும் தொடாத பை சுருங்கியது.

நிறைந்தது.

சுருங்கியது.