விரல் எண்ணுகிறவன்

விமல்ராஜ் தூக்கத்தில் விரல் எண்ணிக்கொண்டிருந்தான். வாய்க்குள்ளேயே, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் எண்ணிப் பத்தில் நிறுத்தினான். அவனுக்கு இருப்பதோ எட்டு விரல்.

அவன் மனைவி கலையரசி ஒரு காலில் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டாள். மதியம் ஒன்றே முக்கால். அவள் வேலை பார்க்கும் துணிக்கடை, பாண்டிச்சேரி வழக்கப்படி ஷட்டரை இறக்கியிருந்தது. இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தெருவே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க, காயப்போட்ட கருவாட்டின் வாடையும், சாத்திய கதவுகளுக்குப் பின்னால் சுற்றும் மின்விசிறிகளின் முனகலும், வெயிலில் காய்ந்த தார்ப்பாய் காற்றில் படபடக்கும் ஓசையும் தவிர அங்கே விழித்திருப்பது எதுவும் இல்லை.

ஐஸ் ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கும் மெஷின் அவன் வலக்கையில் இரண்டு விரல்களை வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் ஆகிறது. காயம் ஆறியது, கனவு ஆறவில்லை. கண்ணை மூடினால் மெஷின் வரும், அலறுவான். தானும் தூங்கவில்லை, அவளையும் தூங்கவிடவில்லை. அவள் புலம்பலைக் கேட்டுக் கேட்டுச் சலித்த கடை மேடம், பாரீஸில் இருக்கும் மகன் போட்டுக் கழித்த தலைப்பட்டை ஒன்றைக் கொடுத்தாள். கனவு தொடங்கியதும் அது இமைமேல் சிவப்பு விளக்கை மினுக்கும். இது கனவு என்று உள்ளேயே புத்தி வந்துவிடும்.

"சந்தேகமா இருந்தா விரலை எண்ணிப் பாக்கச் சொல்லு. கனவுல பத்து வராது. வரலன்னா பயமே வேணாம், அங்க எது செஞ்சாலும் யாருக்கும் ஒன்னும் ஆவாது. கனவுல வர்றவங்க இது கனவு இல்லன்னுதான் சாதிப்பாங்க, நம்பக் கூடாது."

மேடம் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் புருஷனிடம் ஒப்பித்தாள் கலையரசி. ஒரு வருஷமாக அவள் எண்ணெய் தேய்த்து நீவிவிட்ட கைதான் அது. அதில் ஐந்துக்கு மூன்றுதான் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் அவள் மண்டைக்கு ஏறவே இல்லை. பழகிய குறை கண்ணுக்குத் தெரியாது என்பது சும்மாவா?

முதல் வாரம் அவன் விடிந்ததும் அழுதான். "கலை, மெஷின் வந்துச்சு. கையப் பாத்தேன். பத்து இருக்குது. ரெண்டும் மொளச்சி, நகத்தோட இருக்குது." அவளும் சந்தோஷத்தில் அழுதாள். அலறல் நின்றது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை அதற்கப்புறம்தான். சோற்றுத் தட்டின் முன் எண்ணினான். எட்டு. குளித்துவிட்டு எண்ணினான். எட்டு. எண்ணி முடித்து நிமிரும்போதெல்லாம், பஸ் வரும்வரை சகித்துக்கொள்ள வேண்டிய நிறுத்தத்தைப் பார்ப்பதுபோல வீட்டையும் அவளையும் பார்த்தான். போன வியாழக்கிழமை, எதிர்வீட்டுப் பூனைக்குட்டியை மீன் ஐஸ்பெட்டிக்குள் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்தான்.

"ஐயோ, இன்னாங்க இது! செத்துடும்!"

"கனவுல பூன செத்தா இன்னாடி?"

அவனைத் தள்ளிவிட்டு அவள் திறந்தபோது குட்டி விறைத்திருந்தது. அவன் வலக்கையைப் பிடித்து உலுக்கிக் கத்தினாள். "உங்களுக்கு எட்டுதாங்க! எட்டு வந்தாதான் முழிச்சிருக்கீங்க!"

அவன் அன்பாகச் சிரித்தான். "இப்டிதான் சாதிப்பாங்கன்னு நீதான சொன்ன?"

அன்றிலிருந்து அவளுக்குப் பயம். கட்டின புருஷனைப் பார்த்தே பயம். ஆனாலும் விட்டுவிட மனசில்லை. இன்றைக்குப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, அவனைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். ஆட்டோக்காரக் கண்ணையனை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருந்தாள்.

செருப்பை உதறினாள். மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போனாள். அவன் தலையிலிருந்து தேங்காயெண்ணெய் மணமும், அதற்கடியில் ஐஸ் ஃபேக்டரியின் அம்மோனியா நெடியும் வந்தன. பட்டையைத் தொட்டாள்.

சில்லென்று இருந்தது. விளக்கு இல்லை. சார்ஜே இல்லை.

"அது நாலு நாளா வேல செய்யல," என்றான் விமல்ராஜ். கண் திறந்திருந்தது.

"தூங்கலியாங்க?"

"உனக்காவதான் படுத்திருந்தேன்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். அவன் முந்தி எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தான். கோபம் இல்லை. அதுதான் அவளை உறைய வைத்தது. பக்கத்தில் உட்காரவைத்தான். எண்ணினான். இடக்கை ஐந்து. வலக்கை. ஆறு. ஏழு. எட்டு.

நிறுத்தவில்லை. அவள் வலக்கையை எடுத்தான். நடுவிரல்.

"ஒம்பது."

மோதிர விரல்.

"பத்து."

கத்தினாள். தார்ப்பாய் படபடத்தது. தெரு தூங்கியது. இரண்டு விரல்களையும் பிடித்தபடியே அவன் எழுந்தான். ஆட்டைப் பிடித்துப் போவதுபோல மெதுவாகச் சமையலறைக்கு நடத்திப் போனான்.

"பயப்படாத கலை. பத்து ஆயிட்டா முழிச்சிக்குவேன். கனவுல வலிக்காது."

கனவாக இருக்கட்டும். மாரியாத்தா, இது கனவாக இருக்கட்டும். தன் விரல்களை எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள்.

பத்து.

தரையில் நனைந்த கோணி. அதன்மேல் பாதி ஐஸ் பார். பக்கத்தில் அரிவாள்மணை, கழுவித் துடைத்து வைத்திருந்தது. ஐஸில் உளியால் செதுக்கிய இரண்டு பள்ளங்கள்.

"ராத்திரி நீ தூங்கசொல்ல அளவெடுத்தேன்," என்றான்.

அவள் விரல்களை எடுத்து அதில் வைத்தான். நகத்திலிருந்து அடிக்கணு வரை, நூலிடைகூட மிச்சமில்லாமல், இரண்டும் அளவாக உட்கார்ந்தன.