காய வைத்த கல்

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் காளிராஜுக்குப் பாதம் நனைந்தது. மகள் படுத்திருக்கும் அறையின் கதவுக்கு அடியிலிருந்து ஈரம் கசிந்து, கூடத்துச் சிமெண்டுத் தரையில் பாதி தூரம் வந்திருந்தது. சித்திரை வெயில் கொளுத்துகிற காலம். அந்த மாதத்தில் விஸ்வநத்தத்தில் எந்த வீட்டிலும் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையில் சிந்தவிட மாட்டார்கள். குனிந்து விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். பாசி அழுகின கடற்கரை வாடை. நாக்கில் வைத்ததும் கரித்தது.

அவர் பட்டாசு ஆலையில் போர்மேன். வெயில் ஏறினால் வெடிமருந்து அறைகளை மூடிவிடுவது வழக்கம் என்பதால் அன்றும் மதியத்தோடு ஆட்களை அனுப்பிவிட்டு வந்திருந்தார். மனைவி தங்கத்தாய் போன பிறகு அவருக்கென்று இருந்தது பிரீத்திகா ஒருத்திதான். அவளும் படிப்பு படிப்பு என்று கடைசியில் கடலில் போய் விழுந்தாள். பல நாட்டு விஞ்ஞானிகளோடு கப்பலில் போய், கடலின் அடியில் துளை போட்டு, பல்லாயிரம் வருடங்களுக்கு முன் செத்துப்போன பவளப்பாறையை உருளை உருளையாக வெளியே எடுக்கிற வேலை. அதன் வரிகளைப் பார்த்தால் அந்தக் காலத்தில் கடல் எவ்வளவு வேகமாக ஏறியது என்று தெரியுமாம். நம்மூரில் போர் போடுகிறவன் தண்ணீர் வராமல் கல்லாக வந்தால் தலையில் கை வைப்பான், இவர்கள் கல் வந்தால் கை தட்டுகிறார்களே என்று அவர் சிரித்திருக்கிறார்.

போன வாரம் திரும்பி வந்ததிலிருந்து அவள் சரியில்லை. குளிக்க மாட்டேன் என்றாள். உச்சி வெயிலில் கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் திட்டினால் முகத்தை வானத்துக்குக் காட்டினாள். கழுத்திலும் முதுகிலும் சின்னச் சின்ன வெள்ளைக் கொப்புளங்கள். வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் வாங்கிக் கொடுத்தார். கப்பலிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கல் உருளையைக் கொண்டுவந்து, வடகம் காய வைப்பதுபோல ஜன்னல் விளிம்பில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். படித்த பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று அவரும் கேட்காமல் விட்டுவிட்டார்.

கதவைத் தள்ளினார். மின்சாரம் போய் மின்விசிறி நின்றிருந்தது. வியர்வையில் நனைந்து, கட்டிலில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள் மகள். காற்றில் ஜன்னல் கதவு சாத்திக்கொண்டு அறை முழுக்க நிழல் விழுந்திருந்தது. அந்த நிழலுக்குள், ஜன்னல் விளிம்பிலிருந்து, சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கல்லிலிருந்துதான் விழுந்தது. அவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். சுட்டது.

ஈரமாக இருந்துகொண்டு தானாகச் சூடேறுகிற எதையும் பட்டாசு வேலைக்காரன் ஒரு நொடிகூட வீட்டில் விட்டுவைக்க மாட்டான். லேசாக ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும், அப்புறம் வெடிக்கும். கொஞ்ச ஈரம்தான் ஆபத்து, நிறையத் தண்ணீரில் முக்கிவிட்டால் அடங்கிவிடும் என்று புது ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பவர் அவர். யாரோ மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரு தட்டு மருந்துதான் தங்கத்தாயைக் கொண்டுபோனது. அவர் யோசிக்கவே இல்லை. கோணிச் சாக்கில் கல்லைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்த தரைத்தொட்டியின் மூடியைத் தள்ளி, உள்ளே போட்டார். குமிழ் விட்டு இறங்கியது. அப்பாடா என்று இருந்தது அவருக்கு.

திரும்பினால் பிரீத்திகா கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா அது?"

"சுட்டுச்சு தாயி. தண்ணிக்குள்ள போட்டுட்டேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. அடித்தொண்டையில் மெதுவாகச் சொன்னாள். எல்லா உருளைகளும் செத்த கல்லாக வந்தபோது அது மட்டும் சூடாக வந்தது. எடுத்தபோது கையைக் கீறியது. சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. கப்பலில் எல்லாவற்றையும் ஈரமாக, குளிராகத்தான் பாதுகாப்பார்கள். அங்கே இருந்தால் வளர்ந்துவிடும் என்று திருடிக்கொண்டு வந்தாள்.

"நம்ம ஊரு வெயில நம்பித்தான்பா கொண்டாந்தேன். காஞ்சா செத்துரும். எனக்குள்ள இருக்கதும் உதுந்துரும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீகன்னா போதும்."

அவர் அவள் கழுத்தைப் பார்த்தார். காலையில் வாடிச் சுருங்கியிருந்த கொப்புளங்கள் இப்போது பளபளவென்று புடைத்திருந்தன.

தொட்டிக்குள் சத்தம் கேட்டது. வாணலியில் கடுகு பொரிவதுபோல மெல்லிய, விடாத, நெருக்கமான சத்தம், கொல்லைச் சுவரெல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. மோட்டார் போட்டுத் தொட்டியைக் காலி செய்யலாம் என்றால் மின்சாரம் இல்லை. வாளியில் கயிற்றைக் கட்டி மொண்டு மொண்டு செடியில்லாத மண்ணில் கொட்டினார். கொட்டிய தண்ணீர் கரிப்பு வாடை அடித்தது. நாலைந்து வாளிக்குப் பிறகு வாளி இறங்க மறுத்தது. மண்டியிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். தொட்டியின் நாலு சுவரையும் வெள்ளையாக எதுவோ மூடியிருந்தது. கிளை விட்டிருந்தது. ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டையும் அவர் பார்க்கும்போதே அகன்றது.

கடப்பாரையை எடுத்து வந்து ஓங்கி இறக்கினார். பெரிய கிளை ஒன்று முறிந்தது. படியில் மகள் அலறினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் அவள் தோளில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. அடி பட்ட அடையாளமே இல்லாமல் தோல் மட்டும் பிளந்திருந்தது.

கடப்பாரை கையிலிருந்து நழுவியது. இனி அதை அடித்தால் இவள் சாவாள், விட்டால் இவளைத் தின்றுவிடும். பிள்ளையைக் காப்பாற்ற நினைக்கிற அப்பனுக்கு இதைவிட மோசமான இக்கட்டு வேறு இருக்க முடியாது.

அவள் எழுந்தாள். தொட்டியைப் பார்த்து நடந்தாள். தாகமாக இருக்கிறது, தாகமாக இருக்கிறது என்று முணுமுணுத்தாள். அவர் குறுக்கே போய்க் கட்டிப்பிடித்தார். முதுகில் வைத்த உள்ளங்கையில் உப்புத்தாள் தேய்த்ததுபோல எரிந்தது.

"விட்டுறாதீகப்பா," என்றாள். அந்தக் குரல் மட்டும் அவள் குரலாகவே இருந்தது. "வெயில்லயே பிடிச்சு வச்சுக்கோங்க. நான் கெஞ்சினாலும் விட்டுறாதீக."

கொல்லை நடுவில், தகிக்கிற மண்ணில், அவளை இழுத்து உட்கார வைத்து, பின்னாலிருந்து இறுக்கிக்கொண்டார். கெஞ்சினாள். ஒரு மடக்கு என்றாள். கடித்தாள். அவர் விடவில்லை. குல தெய்வத்தையும் தங்கத்தாயையும் மாறி மாறிக் கூப்பிட்டார். இருவர் தலையிலும் வெயில் இறங்கியது. மெல்ல மெல்ல, அவர் கைக்கு அடியில், கொப்புளங்கள் வற்றத் தொடங்கின. காய்ந்த சுண்ணாம்பாய் ஒன்று உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. இன்னொன்று. தொட்டியின் சத்தமும் குறைந்தது. பிழைத்துக்கொள்வாள். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

மண்ணில் விழுந்திருந்த இருவர் நிழலும் மங்கியது.

நிமிர்ந்தார். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து கருமேகம் திரண்டு வந்து சூரியனை மூடியிருந்தது. கோடை மழை. காற்றில் மண்வாசனை வந்தது. பக்கத்து மாடியில் யாரோ துணிகளை எடுக்க ஓடினார்கள். தெருவில் ஜனங்கள் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் தூக்கிப் போய்விடலாம் என்று பார்த்தார். கல் அங்கே இல்லாதபோதும், கொல்லை வாசல்படியைத் தாண்டி உப்புத் தண்ணீர் உள்ளிருந்து வழிந்து வந்துகொண்டிருந்தது.

"அப்பா. மழ வருதா?"

"இல்ல தாயி. இல்ல."

முதல் துளி அவர் பிடரியில் விழுந்தது. அவர் குனிந்து, தன் உடம்பால் அவளை மூடினார். தலையால் அவள் தலையை மூடினார். மழை பிடித்தது. நெற்றியில் ஓடியது. மூக்கு நுனியில் சொட்டியது. தடுக்க முடியவில்லை. எங்கேயும் தடுக்க முடியவில்லை.

அவள் முதுகில் பதிந்திருந்த அவர் கைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

ஒன்று திறந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

கையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. விரல்களின் இடுக்கெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. எது அவர் தோல், எது அவள் தோல் என்று தெரியவில்லை. அதன்மேல் நூல்போல மெல்லிய விரல்கள், நூறு நூறாக, மழையைப் பார்த்து நீண்டு ஆடிக்கொண்டிருந்தன.