இடது காலி

பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் பெல்ட் போடச் சொல்லி வண்டி 'பிப்... பிப்...' என்று கத்திக்கொண்டே இருந்தது.

விமான நிலைய வேலையை விட்டு இந்த டாக்ஸியை எடுத்த மூன்று மாதமாக இப்படித்தான். ஆழ்வார்பேட்டை மெக்கானிக் சீட்டையே கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது பாய், அந்த சீட்டில் மட்டும் எதையும் தூக்கி வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டான். அப்துல் சமத் எதையும் வைப்பதில்லை. வைக்காமலேயே அந்த மெத்தை, ஓர் ஆள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதைப் போல நடுவில் லேசாக அமுங்கிக் கிடந்தது.

அந்த ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் தடவை கேட்டது அபிராமபுரத்துத் தெருமுனை ஒன்றில். ஏ.சி. காற்றில் எங்கிருந்தோ ஏலக்காய் மென்ற வாசனை வந்தது. அப்புறம், இடது காதுக்கு வெகு அருகில், மெதுவாக ஒரு குரல்.

"காலி, மச்சான். போ."

யாசிர். தங்கை உம்மே ஹானியின் புருஷன். விமான நிலையத்தில் பெட்டி இழுக்கும் டிராக்டரில் ஆறு வருஷம், ஏலக்காயை மென்றபடி, சமத்தின் இடதுபக்கம் உட்கார்ந்து வந்தவன். போன மழைக்காலத்தில் செத்துப்போனவன்.

விமானம் தரையில் ஊர்ந்து போகும் பாதையை டிராக்டர் குறுக்கே கடக்க வேண்டுமென்றால், கோட்டில் நின்றுதான் கடக்க வேண்டும். விமானத்துக்குத்தான் முதல் வழி. அத்தனை உயரத்தில் இருக்கிற பைலட்டுக்கு மூக்குக்குக் கீழே போகிற டிராக்டர் தெரியாது. தெரிந்தாலும் அவ்வளவு பெரிய உடம்பு சட்டென்று நிற்காது. இரண்டு பக்கமும் ஓட்டுபவனே பார்க்க வேண்டும் என்பது விதி. இவர்கள் இருவரும் அதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சமத் வலது பக்கம் பார்ப்பான். யாசிர் இடது பக்கம் பார்த்து 'காலி' என்பான். அதைக் கேட்பதற்காக, இரைச்சலுக்குப் போட்டிருக்கும் காது மூடியை சமத் இடது பக்கம் மட்டும் தள்ளிவிட்டுக்கொள்வான்.

அந்தச் சாயங்காலம் தள்ளவில்லை.

மழை. பெட்டிகள் லேட். வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரின் திட்டு. வலது பக்கம் பார்த்தான், மிதித்தான். யாசிரின் நான்கு விரல்கள் நகம் பதிய அவனுடைய இடது முன்கையைப் பிடித்தன. திரும்பினான். யாசிரின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. விமானத்தின் சக்கரம் டிராக்டரின் இடது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.

விசாரணையில் மூன்று பேர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார்கள்.

"காலின்னு சொன்னான் சார். அத்த நம்பித்தான் எடுத்தேன்," என்றான் சமத்.

செத்தவன் எழுந்து வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை.

வந்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஒவ்வொரு முனையிலும், சமத் எந்த வார்த்தையை அவன் வாயில் வைத்தானோ, அந்த வார்த்தையையே சொன்னான். ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை.

முதல் வாரம் சமத்துக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அப்புறம் பயம் போய், அதைவிட மோசமான ஒன்று வந்தது. இடது பக்கம் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். பார்த்தால் போய்விடுவானோ? சவாரி இல்லாத மதியங்களில்கூட வண்டியை எடுத்தான். நாலு முனை திரும்பினால், நாலு தடவை மச்சான் என்று கூப்பிடுவான் அல்லவா.

இன்றைக்கு அந்த சீட்டில் ஆயத் இருந்தாள். யாசிரின் மகள், ஒன்பது வயசு. டியூஷன் விட்டதும் மழையில் நின்றவளை ஏற்றிக்கொண்டான்.

"மாமு, உன் வண்டிக்கு இன்னா கொயுப்பு? பெல்ட்டு போட்டுக்கினுதான கீறேன், இன்னும் கத்துது."

கொக்கி மாட்டித்தான் இருந்தது. பிப். பிப்.

சமத் சிரிக்க முயன்றான். அவள் ஜன்னல் ஆவியில் விரலால் ஒரு வட்டம் போட்டாள். அப்புறம் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். அத்தாவின் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாளாம். தினமும் சோறு வடிக்கும்போது அந்தப் போட்டோவின் முதுகைப் பார்த்துத் திட்டுகிறாளாம். பார்த்துச் சொல்லியிருந்தால் இருந்திருப்பாய் அல்லவா, என்று.

"நெசமாவா மாமு? அத்தா பாக்காமயே காலின்னு சொல்லிட்டாரா?"

வைப்பர் ஒருமுறை போய்வந்தது. இன்னொரு முறை.

'இல்லை' என்ற அந்த ஒரு வார்த்தை போதும், போட்டோ திரும்பிவிடும். ஆனால் தங்கையின் கதவு அவனுக்கு இனி திறக்காது. இந்தக் குழந்தை அவனை மாமு என்று கூப்பிடாது. ஏலக்காய் வாசனை மிக அருகில் வந்து, காத்திருந்தது.

"ஆமாம்மா," என்றான்.

பிப் சத்தம் நின்றது.

வைப்பர் சத்தமும் நின்றது. இல்லை, வைப்பர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வலது காதில் கேட்டது. இடது காதில் மட்டும் எதுவும் இல்லை. வட்டமாக, இறுக்கமாக, எதையோ வைத்து மூடினாற்போல.

தெரு மெயின் ரோட்டைத் தொட்டது. நேரே கடந்து எதிர்த் தெருவுக்குப் போக வேண்டும். இடது பக்கத்தை மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத் தடுப்பு முழுசாக மறைத்திருந்தது.

நிறுத்தினான். வலது பக்கம் பார்த்தான். யாரும் இல்லை.

மூடிய காதுக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. இத்தனை பிரியமாக அது எப்போதும் வந்ததில்லை.

"காலி, மச்சான்."

கால் மிதித்தது.

கை. அவன் முன்கையில் ஒரு கை. நான்கு சின்ன விரல்கள். நான்கு பழைய தழும்புகளின் மேல், சரியாக, நகம் பதிய.

மூன்று மாதத்தில் முதல் தடவையாக இடது பக்கம் திரும்பினான்.

ஆயத்தின் வாய் அசைந்துகொண்டிருந்தது. அகலமாகத் திறந்து, மூடி, திறந்து. சத்தம் வரவில்லை. அவள் வரைந்த வட்டத்துக்குள் தண்ணீர் லாரியின் விளக்கு வெள்ளையாக, பெரிதாக, இன்னும் பெரிதாக.

"போ," என்றான் யாசிர்.