முதல் மூன்று வரி

தள்ளிவிட்ட கருத்து திரும்பி வராது. 'நுகர்வோர் முற்றம்' தளத்தில் அதுதான் விதி. ஒருவர் ஒரு கருத்துக்கு ஒரே முறைதான் மதிப்பெண் போடலாம், போட்டதும் அது அவருடைய வரிசையிலிருந்து மறைந்துவிடும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மழைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு அனுசுயா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, இரண்டு மாதத்துக்கு முன் அவள் கையாலேயே தள்ளிய கருத்து வரிசையின் தலையில் மறுபடி நின்றது. 'கேஸ் கீசர்: எங்கள் வீட்டு அனுபவம்.' எழுதியவர் வீரன், பொங்கலூர். அடியில் சிவப்பு எழுத்தில், 'உங்கள் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கிறது' என்று இருந்தது.

அனுசுயா அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடி படித்தாள். ஏதாவது கோளாறாக இருக்கும் என்று பக்கத்தை மூடித் திறந்தாள். அது அங்கேயேதான் இருந்தது.

முற்றம் என்பது இரண்டாயிரத்து ஆறில் யாரோ நாலு தமிழ்ப் பிள்ளைகள் ஆரம்பித்த இணையதளம். மிக்ஸி, செல்போன், பஸ், ஓட்டல் என்று வாங்கியவர்கள், அனுபவித்தவர்கள் அதில் எழுதுவார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு 'மிகப் பயன்', 'பயன்', 'பயனில்லை' என்று மூன்றில் ஒன்றைப் போடுவார்கள். யார் எதைப் போட்டார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியும். மூன்று பேர் பயனில்லை போட்டால் அந்தக் கருத்து மடிந்துபோய் அடியில் ஒளிந்துகொள்ளும், தேடினால் ஒழியக் கண்ணில் படாது. ஆயிரம் மதிப்பீடு முடித்தவருக்குப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் 'நடுவர்' என்ற பட்டமும் உண்டு. அனுசுயாவுக்கு அது கிடைத்து எட்டு மாதமாகிறது.

அங்கே பாதிப் பேர் எனக்கு நீ போடு, உனக்கு நான் போடுகிறேன் என்று மொய் எழுதுகிற ஜாதி. அனுசுயா அப்படி இல்லை. வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கமாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது. சாத்தூர்ப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த நாளாக, பதினோரு வருஷம், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். நூறு பனியன் உள்ள பெட்டியில் கைவிட்டு மூன்றை உருவ வேண்டும். கழுத்து, பக்கத் தையல், அடிமடிப்பு பார்க்க வேண்டும். மூன்றும் சரி என்றால் பெட்டி முழுக்கப் பாஸ், இல்லையென்றால் முழுக்கத் திருப்பு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அங்கே பழமொழி இல்லை, தொழில். அந்தப் பழக்கத்தையே அவள் முற்றத்துக்கும் கொண்டுவந்தாள். எந்தக் கருத்தானாலும் முதல் மூன்று வரி. ஆள் விஷயத்தைச் சொல்கிறானா, கதை அளக்கிறானா என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது என்று போட்டுத் தள்ளினாள்.

வீரன் எழுதியதில் முதல் மூன்று வரி இப்படி இருந்தது. 'எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புங்க. என் மனைவி பொன்னாத்தாளுக்குக் காட்டு வேலை செய்த நாளெல்லாம் இடுப்பு வலி வரும். வெந்நீர் என்றால் அவளுக்கு அவ்வளவு பிரியம்.'

கீசரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பயனில்லை என்று போட்டாள். ஏற்கெனவே இரண்டு பேர் போட்டிருந்தார்கள். அவளுடையது மூன்றாவது. கருத்து அவள் கண் முன்னாலேயே மடிந்து அடியில் போனது, அவள் அடுத்ததற்குப் போனாள்.

அதோடு போயிருந்தால் இந்த மதியம் அதைப் பார்த்து அவள் பயந்திருக்கமாட்டாள். மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "ஏனம்மிணி, நீதான் கம்பூட்டர்ல எல்லாம் பாப்பியே. இந்த கேஸ் கீசர் வாங்கலாமான்னு பாத்துச் சொல்லு. கரண்டுத் தொல்லை தாங்க முடியல" என்றாள். அனுசுயா முற்றத்தைத் திறந்து காட்டினாள். அந்த மாடலுக்குப் பதினொரு கருத்து இருந்தது. பதினொன்றும் நல்லதாக இருந்தது. "தாராளமா வாங்குங்கக்கா" என்றாள். பன்னிரண்டாவது ஒன்று மடிந்து கிடந்தது அப்போது அவள் நினைவுக்கு வரவே இல்லை.

நினைவுக்கு வந்தது வியாழக்கிழமை. வீரனிடமிருந்து தனிமடல் வந்திருந்தது. 'அம்மா, நீங்க தள்ளுனதுல எனக்குக் கோபமில்லீங்க. நடுவர்னு போட்டிருக்குது. அதனால கேக்கறேன். ஒருக்கா முழுசாப் பாத்துட்டுத் தள்ளுங்க, அது போதும்.'

அவள் பதில் போடவில்லை. முதலில் எரிச்சல் வந்தது. இவருக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்தாள். அன்று இரவு படுத்தபின் எரிச்சல் போய், அந்த 'அம்மா' மட்டும் மனதில் நின்றது. திறந்து படித்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. படித்தால் தான் செய்தது தப்பு என்று தெரிந்துவிடுமோ என்ற பயத்திலேயே மூன்று நாளை ஓட்டினாள். அது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். கணவன் மூக்கையா கம்பெனி வேன் ஓட்டுகிறவன், ஷிப்மென்ட் நேரமாதலால் ஞாயிறும் வண்டி எடுத்துப் போயிருந்தான். மகள் வேல்விழி, ஏழாவது படிக்கிறவள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இரண்டரை மணிக்கு மாடிக்குக் குளிக்கப் போயிருந்தாள். புதுக் கீசர் வந்த நாளாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை மேலே வந்து குளித்துக்கொள்ளட்டும் என்று தெய்வாத்தாள் சொல்லியிருந்தாள். வெளியே ஐப்பசி மழை விடாமல் நசநசவென்று பெய்தது. சாக்கடையில் பனியன் துணி வெளுக்கும் பிளீச்சிங் நெடி ஏறிக்கொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த அனுப்பர்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஏதோ ஒரு பாத்திரப் பட்டறையில் அண்டாவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. மாடிக் குளியலறைத் தண்ணீர் இறங்கும் குழாய் அவள் உட்கார்ந்திருந்த சுவரை ஒட்டித்தான் போகிறது. அதற்குள் தண்ணீர் களகளவென்று இறங்கிக்கொண்டே இருந்தது.

அனுசுயா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு நாலாவது வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

'பல்லடத்தில் வாங்கினோம். நாலு நாள் நன்றாக இருந்தது. பொன்னாத்தாள் பக்கத்து வீட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஐந்தாம் நாள் மழை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கப் போனாள். தண்ணீர் சத்தம் வந்துகொண்டே இருந்ததுங்க. துணி துவைக்கிறாள் என்று நினைத்தேன். நடுவில் ஒருக்கா கூப்பிட்டேன். வருகிறேன் என்றாள். அதை நம்பி டீக் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கதவை உடைத்தோம். உடம்பில் ஒரு காயம் இல்லை. தூங்குகிற மாதிரி கிடந்தாள், முகம் மட்டும் சிவந்திருந்தது. கேஸ் எரிகிற இடத்தில் காற்றுப் போக வழி இல்லை என்றால் விஷம் நிறைந்துவிடுமாம். மணமே தெரியாதாம். டாக்டர் சொன்னார். வாங்கினவர்கள் கீசரைக் குளியலறைக்கு வெளியே மாட்டுங்கள். ஜன்னலை மட்டும் சாத்திவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி இதை எழுத வைத்தேன்.'

குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

அனுசுயா மணி பார்த்தாள். இரண்டு ஐம்பது. செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடி மாடிப்படி ஏறினாள்.

தெய்வாத்தாள் டி.வி. முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். "என்னம்மிணி, இப்படி நனைஞ்சுட்டு வந்து நிக்கறே?"

"விழி இன்னும் வரலையாக்கா?"

"குளிக்கட்டும் உடு. எண்ணெய் போக வேண்டாமா?"

"உள்ள ஜன்னல் தொறந்திருக்காக்கா?"

"இந்த மழைல ஆரு தொறப்பா? சாரல் அடிக்குதுன்னு காத்தாலயே சாத்திட்டேன். ஏன், என்ன சமாச்சாரம்?"

சொல்லியிருக்கலாம். அக்கா, அந்தக் கீசரால் ஒரு பொம்பளை செத்துப்போயிருக்கிறாள், எழுதியிருந்ததை நான்தான் படிக்காமல் தள்ளிவிட்டேன், தள்ளிவிட்டு உங்களை வாங்கச் சொன்னேன் என்று. வாய் வரை வந்தது. தெய்வாத்தாள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள். அனுசுயாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "ஒண்ணுமில்லக்கா, நேரமாச்சேன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைத் தட்டினாள்.

"விழி."

தண்ணீர் சத்தம்.

"ஏட்டி விழி."

"ம்ம். வாரேம்மா."

அந்தக் குரல் கேட்டதும் அனுசுயாவுக்கு உயிர் திரும்பி வந்தது. கொஞ்சம் தூக்கக் கலக்கமாக இருந்தது. எண்ணெய் வைத்தால் அவளுக்கு அப்படித்தான், கண் சொக்கும்.

"ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டுக் குளி. சீக்கிரம் வெளிய வா."

"சரிம்மா. சோப்புப் போட்டிருக்கேன்."

இன்னொரு முறை தட்டலாமா என்று நினைத்தாள். தலை சுற்றுகிறதா என்று கேட்கலாமா என்று நினைத்தாள். தெய்வாத்தாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதுதான் பதில் சொல்லிவிட்டாளே, நன்றாகத்தானே இருக்கிறாள். அனுசுயா படியிறங்கினாள்.

கீழே வந்து ஈரத்தோடேயே உட்கார்ந்தாள். முதலில் அந்த மதிப்பீட்டை மாற்ற வேண்டும், யாரும் பார்ப்பதற்கு முன்னால். வீரன் கருத்துக்கு அடியில் 'மிகப் பயன்' என்பதை அழுத்தினாள். 'உங்கள் மதிப்பீடு ஏற்கெனவே பதிவாகியுள்ளது. மாற்ற இயலாது' என்று வந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் அதே. தளத்தை நடத்துகிறவர்களுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தாள். 'வணக்கம். தவறுதலாக விரல் பட்டு' என்று எழுதினாள். அழித்தாள். 'அவசரத்தில் முழுவதும் படிக்காமல்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள். நடுவர் படிக்காமல் மதிப்பெண் போட்டாள் என்றால் நட்சத்திரம் போய்விடும். வேறு எப்படிச் சொல்வது. கணினியில் கோளாறு என்று சொல்லலாமா. செத்துப்போன ஒருத்தி விஷயத்தில் இப்படி வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருத்துக்கொண்டே தேடினாள்.

எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. பட்டறைத் தட்டல் நின்றிருந்தது. மழைகூடக் குறைந்துவிட்டது. குழாயில் மட்டும் தண்ணீர்.

பின்னால் வாசல் கதவு கிறீச்சிட்டது. ஈரக் கால் தரையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம். சிகைக்காய் வாசம்.

"வந்துட்டியா?" திரும்பாமலேயே கேட்டாள்.

"ம்."

அப்பாடா. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அழுகை வரும்போல இருந்தது. "தலையத் தொவட்டு. இனிமே அங்க குளிக்கப் போவாத. இங்கயே நான் தண்ணி காய வச்சுத் தாரேன்" என்றாள். மகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். அனுசுயாவின் பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது. வெந்நீரில் குளித்தவளின் சொட்டு. சில்லென்று இருந்தது.

ஒருவழியாக ஏதோ ஒரு சாக்கு எழுதிக் கடிதத்தை அனுப்பிவிட்டு வரிசைக்குத் திரும்பினாள். வீரன் கருத்து அங்கே இல்லை. அந்த இடத்தில் வேறொன்று இருந்தது.

'கேஸ் கீசர்: எங்கள் வீட்டு அனுபவம்.' எழுதியவர் வேல்விழி, அனுப்பர்பாளையம். ஒரு நிமிடத்துக்கு முன்பு.

வேல்விழிக்கு முற்றத்தில் கணக்கு கிடையாது. கம்ப்யூட்டர் பக்கமே அவளை விடுவதில்லை.

'எங்கள் அம்மா பார்த்துச் சொன்ன கீசர் இது. தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. ஜன்னலைத் திறக்க எழுந்தேன், கால் நிற்கவில்லை.'

மூன்று வரி. அதற்குக் கீழே திரை முடிந்திருந்தது.

குழாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

குளித்து முடித்துவிட்டுத்தானே வந்தாள். குழாயை மூடாமல் வந்துவிட்டாளா. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான்.

பிடரியில் இன்னொரு சொட்டு.

"விழி?"

பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

மாடியில் செருப்புச் சத்தம் அங்குமிங்கும் ஓடியது. தெய்வாத்தாளின் குரல் படியில் இறங்கி வந்தது. "அனுசுயா. ஏ அம்மிணி. புள்ளை கதவத் தொறக்க மாட்டீங்குது. கூப்புட்டாச் சத்தமே இல்ல. மேல வா, சாமி. சீக்கிரம் வா."

அனுசுயா திரும்பவில்லை. திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பாத வரைக்கும் மகள் இங்கே இருக்கிறாள். பின்னால் நிற்கிறாள். தலை துவட்டாமல்.

மேலே கதவில் எதையோ கொண்டு இடித்தார்கள். ஒன்று. இரண்டு.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. தோளுக்குமேல் ஒரு கை நீண்டது. முழங்கையிலிருந்து நீர் வழிந்தது. நேற்று ராத்திரி அவளே வைத்துவிட்ட மருதாணி, உள்ளங்கை முழுக்கச் சிவப்பு. விரல் நுனிகள் தண்ணீரில் ஊறிச் சுருங்கி வெளுத்திருந்தன. அந்தக் கை, மவுஸின் மேலிருந்த அவள் கையை மூடிக்கொண்டது. விறைத்த ஆள்காட்டி விரல் அவள் விரலைச் சேர்த்து அழுத்தி, பக்கத்தை நாலாவது வரிக்கு நகர்த்தியது.