நாற்பத்து மூன்று ஊர்க்காரர்கள்

ஆறேகாலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் துலக்கி முடிப்பதற்குள் தொட்டி நிரம்பி மாடியிலிருந்து தண்ணீர் கொட்டியது, அணைத்தான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். டீ குடித்தான். நேற்றைய தட்டைக் கழுவினான். வாசலில் கிடந்த பேப்பரை எடுத்து, பிரிக்காமலே பழைய பேப்பர்களின் மேல் வைத்தான். பின்னறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தான்.

அந்த அறையில் முப்பத்து நான்கு நாளாக யாரும் படுக்கவில்லை. நேற்றுக் காலையிலும் அவன்தான் விசிறியை அணைத்தான்.

ஹாலுக்கு வந்து மேசையில் அட்டைக்கட்டைப் பிரித்தான் ஆரோக்கிய பிரவீன்.

மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வாடகை வீட்டில் நான்கு வருஷமாக ஞாயிறுதோறும் ஒரு விளையாட்டு நடந்துவந்தது. பகடையும் பேச்சும்தான் அதற்குச் சாமான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ அதற்குள் நடமாடுவார்கள். நடத்தியவள் அவன் மனைவி இசபெல்லா. சித்தேரி மலைக்குப் பஸ்ஸில் போய்வந்த ஒரு மழைநாளில் அவள் மனசில் முளைத்த நாடு அது. எந்நேரமும் மேகம் இறங்கிக் கிடக்கும் மலை, வளைவுக்கு வளைவு ஒரு சுங்கச்சாவடி, அடியில் கறுத்து ஓடும் ஆறு. அந்த நாட்டில் விளையாடுகிறவர்களைத் தவிர மற்ற எல்லாரும், ஓடக்காரன், தேன் விற்கிறவள், பொய்சாட்சி சொல்லிப் பிழைக்கிறவன் என்று அத்தனை பேரும், அவள் வாயால்தான் பேசினார்கள். ஊர்க்காரங்க என்பாள் அவர்களை. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சியதை வெட்டி ஆளுக்கொரு அட்டை போட்டிருந்தாள். பெயர், வேலை, ஆசை, பேச்சு என்று நான்கு வரி, பென்சிலில்.

இன்று மாலை விளையாட்டை மறுபடி தொடங்குகிறார்கள். நடத்தப்போவது பிரவீன். நாற்பத்து மூன்று குரல் அவனுக்கு வராது. பத்துப் பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும்.

அனுப்புவதற்கு ஒரு முறை இருந்தது. ஒருதரம் அவன் விளையாட்டாக ஓர் அட்டையைக் கசக்கப்போக, அவள் நிஜமாகவே கோபித்துக்கொண்டாள். "சும்மா எடுத்துப் போட்டுட முடியாது, பிரவீன். கடைசியா ஒரு வார்த்தை பேசவெச்சு அனுப்பணும். இல்லன்னா பாவம், அவங்க அங்கயேதான் நின்னுட்டிருப்பாங்க." அன்றிலிருந்து யார் கதையை விட்டுப் போனாலும் கடைசிப் பேச்சை உரக்கச் சொல்லி, அட்டையின் பின்னால் எழுதி, கவிழ்த்து வைப்பார்கள். அதேபோல், கதையில் வைத்துக்கொள்ளும் ஆளை 'வாங்க' என்று வாய்விட்டு அழைக்க வேண்டும்.

போன் அடித்தது. சேலத்திலிருந்து ரஞ்சித்குமார்.

"மாப்ள, நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம். அந்த ஓடக்காரக் கெழவன மட்டும் அனுப்பிறாத. என் குதிரைய ஆத்துல விட்டவன். அவன நாலு கேள்வி கேக்கணும்."

"உன் குதிர உன் பாட்டு தாங்காம அதுவே குதிச்சிருக்கும்," என்று பின்னால் ரஞ்சித்குமாரின் மனைவி கோகிலவாணியின் குரல். பிறகு போனை அவளே வாங்கினாள். "அண்ணா, முடியலன்னா விட்டுருங்க. சும்மா டீ குடிச்சுட்டுப் போறோம்."

"இல்லம்மா, நடத்தலாம். நிறுத்திடாதீங்கன்னுதானே அவ கடைசியாச் சொன்னா."

எதிர்முனையில் கோகிலவாணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதை அவன் சாமியாரிடம் சொல்லியிருந்தான், மாமியாரிடம் சொல்லியிருந்தான், முப்பதாம் நாள் பூசையில் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். பொய் இப்போது வாயில் எங்கேயும் தடுக்கவில்லை.

முதலில் சுங்கச்சாவடிக் காவலாளியை எடுத்தான். இசபெல்லா அவனுக்கு மூக்கடைத்த குரல் வைத்திருந்தாள். பிரவீனுக்கு அது வரவில்லை. தன் குரலிலேயே சொன்னான். "இனிமே யாரு வந்தாலும் சும்மா விட்டுருங்க. நான் வூட்டுக்குப் போறேன்." எழுதினான். கவிழ்த்தான்.

வெளியே கேட்டின் கொக்கி சிணுங்கியது.

பார்த்தான். கேட் திறந்திருந்தது. தெருவில் வெயில் மட்டும்.

தேன் விற்கிறவளை அனுப்பியபோது பின்னறைப் பக்கமிருந்து புகையும் தேனடையும் கலந்த ஒரு வாசனை எழுந்து, சமையலறை வாசலைத் தாண்டி, மேசை ஓரமாக அவன் முழங்கையை உரசியதுபோல் கடந்து, வாசற்படியில் சற்றுத் தயங்கி, வெயிலில் கரைந்து போயிற்று. பொய்சாட்சிக்காரனுக்குச் செருப்புச் சத்தம். பிச்சைக்கார அரசிக்குக் கொலுசு. எட்டாவது அட்டைக்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. கடைசிப் பேச்சைச் சொன்னவுடன் பின்னறைத் திரை லேசாக அசைகிறது. யாரோ அங்கிருந்து எழுந்து வந்து, விசேஷ வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் உறவுக்காரர்கள்போல் அவனைத் தாண்டி வெளியேறுகிறார்கள்.

அவனுக்குப் பயம் வரவில்லை. இத்தனை பேர் அவளோடு இருந்திருக்கிறார்களே என்றுதான் தோன்றியது. பயம் அதற்கப்புறம், வேறு இடத்திலிருந்து வந்தது. இவர்களோடு அவளும் அங்கே இருந்தால்? எந்த அட்டையிலாவது அவள் மிச்சம் ஒட்டியிருந்து, தெரியாமல் அவளையும் வழியனுப்பிவிட்டால்?

அதற்குப் பிறகு ஒவ்வோர் அட்டையையும் முகர்ந்து பார்த்தான். எதைப் பேசும்போது அவள் நடுவில் சிரித்துவிடுவாளோ, எதில் அவள் அம்மாவின் பேச்சிழுப்பு இருந்ததோ, அதையெல்லாம் பொறுக்கி 'வாங்க' என்று சொல்லி வலப்பக்கம் வைத்தான். ஓடக்காரனையும் சேர்த்துப் பத்து. மற்ற முப்பத்து மூன்று பேரும் ஒவ்வொருவராகப் போனார்கள். இரண்டரை மணிக்குக் கரண்ட் போயிற்று. தலைக்கு மேல் விசிறி தளர்ந்து நின்றது. வீடு சட்டென்று பெரிதானது. கூட்ஸ் வண்டி ஒன்று நெடுநேரம் போய் முடிந்தது.

அப்போதும் பின்னறையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

மேசையில் இன்னும் ஓர் அட்டை இருந்தது.

நாற்பத்து நான்காவது. அது கல்யாணப் பத்திரிகையில் வெட்டியதல்ல. கறுப்புக் கரை. திருப்பினான். இசபெல்லாவின் போட்டோ, பிறந்த தேதி, இறந்த தேதி. முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த நினைவு அட்டை. போன வாரம்தான் பிரஸ்ஸிலிருந்து வந்தது.

மறுபக்கத்தில் பென்சில் எழுத்து. அவளுடைய ளகரம், அவளுடைய சாய்ந்த ககரம்.

பெயர் என்ற இடம் காலி.

வேலை: பக்கத்தில் உட்கார்ந்திருப்பது.

ஆசை: வெளியே வர வேண்டும். அவன் கூப்பிட வேண்டும்.

பேச்சு: கேட்டுக் கற்றுக்கொண்டது.

பிரவீன் அழுதான். முப்பத்து நான்கு நாளில் முதல் தடவை. செத்த பிறகு அடித்த அட்டையில் அவள் எழுதியிருக்கிறாள். எல்லாரும் போன பின்னும் அவள் போகவில்லை. கூப்பிடட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். பென்சிலை எடுத்துக் காலியாக இருந்த இடத்தில் இசபெல்லா என்று எழுதினான். வலப்பக்கம் வைத்தான்.

"வாங்க," என்றான். போதவில்லை என்று பட்டது. "வா. வெளிய வா."

விசிறி நின்றது.

கட்டில் கிரீச்சிடும் என்று காத்திருந்தான். அவள் புரண்டாலே கிரீச்சிடும் கட்டில். சத்தமில்லை.

பிளாஸ்டிக் நாற்காலி நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் நான்கு காலும் இழுபடும் சத்தம். நீளமாக. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்தது.

அந்த நாற்காலியை அவள் தலைமாட்டில் அவன்தான் போட்டான், காய்ச்சல் வந்த முதல் நாள், தான் உட்காருவதற்கு. உட்காரவேயில்லை.

திரை விலகியது. நிலைப்படியின் மேல்கட்டையை விரல்கள் பிடித்தன. அவ்வளவு உயரத்தில். குனிந்து வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் நினைவு அட்டையின் போட்டோச் சிரிப்பு, அசையாமல்.

"பிரவீன்," என்றது. அவள் குரல். காய்ச்சலில் உலர்ந்த குரல். அந்தக் கடைசி மதியத்தில் கேட்டது போலவே, கொஞ்சமும் பிசகாமல்.

அந்த மதியம். நான்கு மணிக்கு ரத்தம் பார்க்கக் கூட்டிப்போவதாக இருந்தான். ஹாலில், காதில் ஹெட்போன், ஆபீஸ் மீட்டிங். ஒரு காதை மட்டும் விலக்கினான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான், "யாருமில்ல, தூங்கு." நான்கு மணிக்குப் போய்த் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

மலையைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவள் கேட்டது இவ்வளவுதான்:

"பிரவீன், நீ அங்க பேசிட்டிருக்க. அப்ப இங்க நாற்காலில உக்காந்து என் கையப் புடிச்சிட்டிருக்கறது யாரு?"