முள் இறங்கும் நேரம்

காலை ஏழு மணிக்கே விளாத்திகுளம் மின்னேற்றகத்தின் மேடைகள் நிறைந்துவிட்டன; ஊர்த் தலைவருக்கென ஒதுக்கிய ஒன்று மட்டும் காலி. லித்தியம் தீர்ந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கு ஓர் ஈய-அமில பேட்டரி என்பது சட்டம். வெயில் இருக்கும்போது ஏற்ற வேண்டும். பச்சை விளக்கு எரியும்வரை கழற்றக் கூடாது. அரைகுறையாக ஏற்றிப் பழகினால் தகடுகளில் உப்புப் படிந்து, சில மாதங்களில் பேட்டரி செத்துவிடும். மாற்று ஈயம் கிடையாது.

காப்பாளர் செல்லத்தாய், எந்த பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பதை மின்னோட்ட முள்ளைப் பார்த்தே சொல்வாள். முதல் நிலையில் முழு வேகம். முள் இருபதில் நிற்கும். முக்கால் பங்குக்கு மேல் நிறைந்ததும், தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையிலுள்ள சீராக்கி மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் தானாகக் குறைந்துகொண்டே வரும். கடைசியில், நிறைந்தது இறங்காமல் காக்கும் மெல்லிய மிதவை ஓட்டம்.

பன்னிரண்டு மணிக்கு இசக்கிராஜ் தன் பேட்டரியின் முள்ளைப் பார்த்தான். ஆறு. சற்றுமுன் மாட்டிய தலைவரின் பேட்டரியில் இருபது. வீட்டில் அவன் மனைவி உலகம்மாள் மூச்சுக்கருவியில் கிடந்தாள். அங்கிருந்த இரவல் பேட்டரி இரண்டு மணிவரைதான் தாங்கும்.

"ஏ செல்லத்தாயி, என் கரண்ட்ட எங்க திருப்பிவிட்ட?"

"யாரும் திருப்பல அண்ணாச்சி. உங்களுது நெறையுது. இனி கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடிக்கும்."

"தலைவர் பேட்டரி மட்டும் மடமடன்னு குடிக்கி?"

"அது காலியா வந்துச்சு."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "நமக்குச் சொட்டு, தலைவருக்கு அருவி. நல்லா கதை விடுதாளே!"

மற்றவர்களும் தங்கள் முட்களைப் பார்த்தார்கள். எட்டு, ஏழு, ஐந்து. காவலர்கள் வந்தாலும் நுழைய முடியாதபடி ஒருவன் ஷட்டரை இழுத்துப் பூட்டினான். இசக்கிராஜின் முதல் அடியில் செல்லத்தாயின் பற்கள் இரண்டு உடைந்தன. விழுந்தவளின் விலாவில் மிதித்தார்கள்.

"நேரா மாட்டாதீங்கய்யா," என்றாள் ரத்தத்தோடு. "தண்ணி கொதிச்சி வாயு கெளம்பும். வெடிச்சிரும்."

சீராக்கிகளைப் பிடுங்கி எறிந்து, சூரியத் தகட்டின் கம்பிகளை நேராக பேட்டரிகளில் மாட்டினார்கள். முட்கள் இருபதைத் தொட்டன. கூடம் ஆர்ப்பரித்தது. செல்லத்தாய் தவழ்ந்து பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு மணிநேரம் கொதித்தது. மூக்கை எரிக்கும் நெடி மூடிய கூடத்தில் நிறைந்தது. ஒருவன் அவசரப்பட்டுக் கிளிப்பை உருவினான். ஒரு பொறி.

கதவு பெயர்ந்து செல்லத்தாயின் மேல் விழுந்தது. அவள் வெளியே வந்தபோது ஷட்டர் தெருவில் கிடந்தது. மூன்று பேர் அசையவில்லை. மேடைகளில் பிளந்த பெட்டிகளும் அமிலமும் மட்டுமே இருந்தன. இசக்கிராஜ் கண்களைப் பொத்திக்கொண்டு அலறினான். அவள் ஒரு குடம் தண்ணீரை அவன் முகத்தில் ஊற்றினாள்.

"உலகம்மா... மணி என்னம்மா?"

"ஒண்ணே கால்."

பின்னறையில் அவளுடைய சொந்த பேட்டரி முழுதாக இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதைக் கழற்றித் தள்ளுவண்டியில் வைத்து, அவன் கையை வண்டிப்பிடியில் பொருத்தினாள்.

வாசலில் ஐந்து பேர் நின்றார்கள். ஐந்து வீடுகளிலும் இனி பேட்டரி கிடையாது.

"அது எங்க போகுது?" என்றான் ஒருவன்.

"இவரு சம்சாரத்துக்கு. வழி விடுங்க."

யாரும் நகரவில்லை. ஐவரின் பார்வையும் பேட்டரியின் மேலேயே இருந்தது. ஒருவன் வண்டியைப் பிடிக்கக் கை நீட்டினான்.

செல்லத்தாய் உடைந்த மேடையிலிருந்து ஓர் இரும்புச் சட்டத்தை உருவி, முதலில் அந்தக் கையின் மேல் இறக்கினாள்.