காவல் வரி

உடம்பே இல்லாத ஒன்றுக்கு உடம்புச் சூடு இருந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். திரையில் ஓடுவது விர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள் வெறும் மென்பொருளால் கட்டிய இன்னொரு கம்ப்யூட்டர். தொட்டுப் பார்க்க அதில் ஒன்றும் கிடையாது. அது கண் விழிக்கும்போதே அதன் அடிப்படை மென்பொருளான கெர்னல் அவசரப்பட்டு, அங்கே இல்லாத வெப்பமானியைக் கூப்பிட்டு, பதில் வராமல் அப்படியே நின்றுபோகிறது என்பதுதான் புகார். கூப்பிடும் முன் 'சாதனம் வந்துவிட்டதா? வராவிட்டால் திரும்பிப் போ' என்று ஒரு காவல் வரி போட வேண்டும். போடுவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை. முப்பத்தேழு டிகிரி என்று பதில் வந்தது.

வெளியே மழை மூட்டம் கட்டிய மத்தியானம். பக்கத்து அறையிலிருந்து புது பெயிண்ட் வாசனை வந்துகொண்டிருந்தது. அங்கேதான் தொட்டில். அவள் புருஷன் சரியான அவசரக்குடுக்கை, பிரசவத்துக்கு இன்னும் எவ்வளவோ நாள் கிடக்க, தொட்டிலை மாட்டிவிட்டு, தினமும் அந்தக் காலி மெத்தையைப் பார்த்து "எழுந்துட்டியா கண்ணு?" என்று கொஞ்சுவான்.

"ஆளே வரல. அதுக்குள்ள அட்டெண்டன்ஸா?" என்று இவளும் கிண்டல் பண்ணுவாள்.

காவல் வரியைப் போட்டு ஓட்டினாள். 'சாதனம் இல்லை.' அப்பாடா என்றிருந்தது.

பக்கத்து அறையில் தொட்டில் கிறீச்சிட்டது.

காற்றாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி மெல்லப் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. மெத்தைமேல் கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமலே இருந்தது. நடுவில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம். தொட்டாள்.

சூடு.

கை தானாக வயிற்றுக்குப் போனது. காலையிலிருந்து உதைத்துத் தள்ளிய குழந்தை. இப்போது அசைவே இல்லை. "குட்டி, ஒரே ஒரு உதை விடுடா," என்று கெஞ்சினாள். அழுத்தினாள். ஒன்றுமில்லை. இங்கே, வராத ஆளைத் தினமும் கூப்பிடுகிறவனுக்கு யாரும் காவல் வரி போடவில்லையே.

வாசலில் சாவி திரும்பியது. செருப்பைக் கழற்றும் சத்தம்.

கூப்பிடாதீங்க. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் குரல் முந்திக்கொண்டது.

"எழுந்துட்டியா கண்ணு?"

பிளாஸ்டிக் சரசரத்தது.

"ம்," என்றது தொட்டில்.